கன்றுக்குட்டி சேராத செடார்

என் ஆசை அக்காவுக்கு,

இந்தக் கிழமை முழுவதும் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. லண்டன் ஆர்ச்வே அறையில் கதிரையை இழுத்துப் போட்டு எழுத உட்காருவதும், எழும்பி யன்னலைத் திறப்பதும், குளிர் அடிக்க மூடுவதுமாக இருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், "சும்மா ஒரு இடத்தில இரன்ரா, பார்க்க எனக்குத் தலை சுத்துது" என்று பேசியிருப்பீர்கள். அப்படிப் பேச ஆளில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் நல்ல செய்தி. எனக்கு நிரந்தர விசா போன மாதம் கிடைத்துவிட்டது. பத்து வருடத்துக்குக் கிட்ட இழுத்தடித்தார்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. கொஞ்சம் முந்தித் தந்திருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மற்றச் செய்தி, சீஸ் கடையின் பின்பக்கம் பெட்டி இறக்கிக்கொண்டும் சீஸ் உருளைகளைத் துடைத்துத் திருப்பி வைத்துக்கொண்டும் இருந்த என்னை இப்போது முன் கவுண்டரில் விட்டிருக்கிறார்கள். வெள்ளை ஏப்ரன், தொப்பி எல்லாம் உண்டு. ஸ்டில்டன் சீஸைக் கம்பியால் அறுக்கிறேன். வென்ஸ்லிடேல் சீஸை உதிராமல் வெட்டுகிறேன். டாம்சன் ஜாம் போத்தலையும் எடுத்து நீட்டி, இதோடு சேர்த்துச் சாப்பிடுங்கள் என்று வெள்ளைக்காரருக்கே புத்தி சொல்கிறேன். கரைச்சல் தொடங்கியதும் அங்கேதான்.

ஒரு வயதான பெண் வந்து, இதில் சைவச் செடார் சீஸ் எது என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பாலில் செய்வதில் சைவம் என்ன, மச்சம் என்ன? கவுண்டரில் எனக்கு மூத்தவள் மோரீன், அயர்லாந்தில் கோர்க் பக்கத்தவள். அவள் பச்சை முத்திரை குத்திய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிறகு விளக்கமும் சொன்னாள். பழைய முறையில் பாலைத் திரைய வைப்பதற்கு, பால்குடிக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த சாரத்தைத்தான் விடுவார்களாம். பச்சை முத்திரை உள்ளதில் அது இல்லை. துணி சுற்றி மாதக்கணக்கில் வைத்து எடுக்கிற நல்ல செடாரில் அது உண்டு. சனிக்கிழமைகளில் நான் உங்களுக்குக் கொண்டுவந்தது அந்தச் செடார்தானே அக்கா.

நீங்கள் நேர்த்தி வைத்தது எனக்காக. எண்பத்தாறில் ஊரிலிருந்து ஏஜென்சிக்காரனோடு புறப்பட்ட நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்றே தெரியாமல் இருந்தபோது, இங்கே லண்டனில் முருகன் கோயிலுக்குப் போய், "தம்பிக்கு ஒரு வழி கிடைக்குமட்டும் மச்சம் தொடன்" என்று சொன்னீர்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுசி நீங்கள். நான் வந்து சேர்ந்த பிறகும் நீங்கள் மச்சம் தொடவில்லை. சைவம் பழகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்த்தி வைத்த புதிதில் நடந்ததை எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். தயிரும் இனிப்புப் பாணியும் சாப்பிட ஆசைப்பட்டு, மூலைக்கடையில் போய் 'கேர்ட் அன்ட் ட்ரீக்கிள்' கேட்டீர்கள். இலங்கையில் அப்படிக் கேட்டால் குழந்தைக்கும் விளங்கும். இங்கே கடைக்காரர் ஒரு போத்தல் லெமன் கேர்ட் என்கிற எலுமிச்சை ஜாமையும் ஒரு தகரம் கறுத்த ட்ரீக்கிள் பாகையும் எடுத்து வைத்தாராம். லெமன் கேர்ட்டில் முட்டை சேர்ந்திருப்பதை லேபிளில் கண்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ட்ரீக்கிள் கசந்தது, ஆனாலும் எறியவில்லை. அவ்வளவு கவனமாக லேபிள் படித்த உங்களுக்கு, நான் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த துண்டில் படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியென்றால் நேர்த்தி முறிந்துவிட்டதா? அதை முறித்தது என் கையா? உங்களைக் கொண்டுபோன வருத்தம் அதனால்தான் வந்ததா? மனம் போகக்கூடாத இடமெல்லாம் போனது.

இந்த நேரம் பார்த்து அத்தான் போன் எடுத்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை அக்காவின்ர ஆண்டுத் திவசம். வரேக்க செடார் கொஞ்சம் வெட்டிக்கொண்டு வா. அந்தத் துணி சுத்தினது." ஓம் என்று சொல்லிவிட்டேன். பச்சை முத்திரை குத்தியதைப் பேசாமல் கொண்டுபோய் வைத்துவிடலாமா? உண்மையைச் சொன்னால் அத்தான் தாங்குவாரா? தனியே யோசிக்க ஏலாமல், அடுத்த நாள் வேலை முடிந்ததும் குட்மேய்ஸில் உங்கள் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

அத்தான் பருப்பு அவியவிட்டுக்கொண்டு நின்றார். நான் கன்றுக்குட்டிக் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது அவவுக்குத் தெரியும்," என்றார்.

"என்னெண்டு தெரியும்?"

"பக்டரியில கூட வேலை செய்த குஜராத்திப் பிள்ளை சொன்னது. நீ அந்தக் கடையில சேர்ந்த புதிசில. அண்டைக்கே சீஸை விட்டிட்டா. முருகனிட்டப் போய், தெரியாமல் சாப்பிட்டிட்டன், போன காலத்தைக் கணக்கில எடுக்காதை, முதல்ல இருந்து தொடங்கிறன் எண்டு சொன்னவ."

"அப்ப நான் கொண்டுவந்ததெல்லாம்?"

"ஆர் சாப்பிட்டது? நான்தான். கொலஸ்ட்ரோல் கூடிப்போச்செண்டு டொக்டர் என்னைப் பேசினது உன்னாலதான். தம்பி ஆசையாக் கொண்டுவாறான், வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ எண்டு அவவின்ர ஓடர்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் வேலைக்குக் கொண்டுபோகிற பாண் துண்டில் அந்தக் கறுத்த ட்ரீக்கிளைப் பூசிக்கொண்டு நிற்பீர்கள். "என்னக்கா, தார் ரோட்டுப் போடுறியளோ?" என்று நான் பகிடி விடுவேன். "பழகினால் ருசிதான் தம்பி" என்பீர்கள். சீஸுக்குப் பதிலாகத்தான் அதைப் பழகினீர்கள் என்று நான் கண்டேனா?

அத்தானிடம் கேட்டேன். "அப்ப ஏன் அந்தச் செடாரையே கேட்டனீங்கள்? பச்சை முத்திரை போட்டது இருக்குது. அதைக் கொண்டுவாறன்."

அவர் அடுப்பைக் குறைத்தார். "வழி எண்டு அவ சொன்னது நீ வந்து சேருறதை எண்டே நினைச்சனீ? வந்து சேர்ந்தவனையும் பிடிச்சுத் திருப்பி அனுப்புவாங்கள். உனக்கு விசா கிடைக்கிறதுதான் வழி எண்டு இருந்தவ. இப்ப கிடைச்சிட்டுதெல்லே. இனி அவ சாப்பிடலாம்."

நான் அழுதேன் அக்கா. அத்தான் பார்க்காததுபோல் பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்றார். உங்களில் கோபமும் வந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் நல்ல டாம்சன் ஜாம் கொண்டுவந்து தந்திருப்பேனே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பார்சலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து, "ஆ, நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு பிரிட்ஜில் வைப்பீர்கள். அது எனக்காக நடித்ததா, இல்லை, உண்மையான ஆசையா? இதை இனி நான் ஆரிடம் கேட்பது?

இன்று மோரீனிடம் எல்லாம் சொன்னேன். அவள் பின்னுக்குப் போய், துணி பிரிக்காத ஒரு செடார் உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அதை வெள்ளிக்கிழமை காலை நான் வெட்டுவேன். முதல் துண்டு உங்களுக்கு.

ஐயர் வந்து சைவப் படையலை முறைப்படி முடித்துக்கொண்டு போகட்டும். அவர் கேற்றைத் தாண்டியதும் அத்தான் மீன் பொரிப்பார். அதையும் செடாரையும் உங்கள் படத்துக்கு முன்னால் வைப்போம். ட்ரீக்கிள் தகரம் அந்தப் பக்கமே வராது. இது என் வாக்கு. நேர்த்தி முடிந்துவிட்டது அக்கா. இந்தத் தரம் மணந்துவிட்டு வைக்காதேங்கோ. சாப்பிடுங்கோ.

இப்படிக்கு,
வழி கிடைத்துவிட்ட உங்கள் தம்பி