பொடியனுக்குக் காது கேட்கும்

ஜூன் 4

நீயே சொல்லு சாமி, பந்து உருட்டுவதற்கெல்லாம் ஒரு டாக்டரா? தம்பி மகனுக்கு இரண்டு வயதாகியும் 'அம்மா' என்றுகூட வாய் திறக்கவில்லை என்று தம்பி பெண்டாட்டி அழுதாளே என்று துணைக்குப் போனேன். குழந்தைகள் டாக்டராம். பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருக்கிறாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொடியனோடு பந்து உருட்டி ஒரே விளையாட்டு. பொம்மையைக் காட்டி, "மூக்கு எங்கே?" என்றாள். நான்தான் தொட்டுக் காட்டினேன்.

"அம்மா, நான் அவனைக் கேட்டேன்" என்கிறாள்!

பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. உடனே காதுக்குப் பரிசோதனை எழுதிவிட்டாள்.

"எங்க பையனுக்குக் காது நல்லா கேக்கும்மா. நான் சாமி பாட்டு எடுத்தா போதும், ஓடி வந்து கை கூப்பிக்கிட்டு உக்காருவான்."

"உங்களைப் பாத்துட்டு வர்றானா, கேட்டுட்டு வர்றானா?"

வாய்க்கொழுப்பு!

ஜூன் 5

தம்பியிடம் சொல்லிவிட்டேன். "நீயும் மூணு வயசு வரைக்கும் பேசலடா. இப்ப உன் வாயை மூட முடியுதா?" சிரித்தான். "சரிக்கா, ஆறு மாசம் பாப்போம்" என்றான். அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

ஜூன் 9

தம்பி பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வைக்கட்டும்.

ஜூன் 10

அந்த டாக்டரின் மூக்கை உடைக்கத்தான் இதைச் செய்தேன். பொடியன் ஜன்னல் பக்கம் பார்த்து டப்பா மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். பூனை மாதிரி பின்னால் போய் நின்று பாட்டு எடுத்தேன். மூடி சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் உரக்கப் பாடினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இவன் பாக்கல. தட்டை எடுத்துக் கரண்டியால தட்டுனேன். சாமி, புள்ள திரும்பவே இல்லையே!

என் நிழல் மேலே விழுந்ததும் திரும்பினான். சிரித்துக் கை கூப்பினான்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போடா."

"நீதானக்கா வேணாம்ன?"

"கேள்வி கேக்காதடா!"

ஆகஸ்ட் 21

பொடியன் காதில் மிஷின் மாட்டி ஒரு வாரம். இரண்டு தடவை பிடுங்கிச் செருப்புக்குள் போட்டுவிட்டான். பேச்சுப் பயிற்சிக்காரம்மா அவன் எதிரே உட்கார்ந்து ஆடு மாதிரியும் மாடு மாதிரியும் கத்துகிறாள். அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதாம். டாக்டரோ, "பேச்சு மெதுவாத்தான் வரும், பொறுமையா இருங்க" என்கிறாள். எனக்குப் பொறுமை சொல்லித் தருகிறாள்! ஒரு மாற்றமும் காணோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது — காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழுந்து போவதற்குள் பொடியன் கதவருகில் போய் நின்றிருந்தான்.