சித்தப்பா படுக்க வைத்த காபி மிஷின்

மிலான்,
மே 14, 1950

அன்பு மகள் நெரினாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு, சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி அங்கே நீயும் மாப்பிள்ளை சில்வானோவும் உன் வயிற்றிலிருக்கும் குட்டியும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கால் வீக்கம் என்று எழுதியிருந்தாயே, சாயங்காலம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள், உப்பைக் குறை, சில்வானோவைப் பாத்திரம் கழுவச் சொல், ஒன்றும் தேய்ந்துவிட மாட்டான்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கோயில் வாசலில் யாரோ மிலான்காரர் உன்னிடம் பல்தரினி சகோதரர்கள், அதுதான் உன் அப்பாவும் சித்தப்பாவும், பிரிந்துவிட்டார்கள், காபி மிஷின் பட்டறைக்கு நடுவே சுவர் எழும்பிவிட்டது என்று சொன்னதாகவும், அதிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் போய்ச் சாப்பிடு, பிறகு மிச்சத்தைப் படி. அந்த மனிதர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பழைய செய்தி. மசக்கைக்காரிக்கு எதற்கு இதெல்லாம் என்றுதான் நான் எழுதவில்லை, இப்போது நல்லபடியாக முடிந்துவிட்டதால் முழுவதும் சொல்கிறேன்.

எல்லாம் தொடங்கியது கால்வாய்க்கரை அர்மீதாவால். அவள் கணவன் போன பிறகு அந்தக் காபிக்கடையை அவளே நடத்துகிறாள், உனக்குத்தான் தெரியுமே அவள் உயரம், நம் சமையல் மேடைக்கு மேல் தலை தெரிந்தால் அதிகம். போன நவம்பரில் புது மிஷின் கேட்டு பட்டறைக்கு வந்தாள். உன் அப்பா வழக்கம்போல கோபுரம் மாதிரி நிற்கும் பெரிய மிஷினைக் காட்டினார், செம்பு பளபளக்க, உச்சியில் பித்தளைக் கழுகோடு. அவள் அதன் பின்னால் போய் நின்றாள், ஆளே காணோம். அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது, இதுக்குப் பின்னாடி நின்னா கடைக்கு வந்தவன் யாரு, போனவன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும், இதைக் கொஞ்சம் படுக்க வைக்க முடியாதா என்று. உன் தாத்தா ரயில் நிலையத்தில் நீராவியில் காபி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, சாராயம் காய்ச்சும் அண்டா செய்வதை விட்டு முதல் காபி மிஷினைச் செய்த நாளிலிருந்து நம் பட்டறையில் கொதிகலன் நின்றுகொண்டுதான் இருக்கிறது. போரில் செம்பையெல்லாம் பறித்துக்கொண்டு போய், பட்டாளத்துக்கு சூப் அண்டா செய்யச் சொன்ன காலத்தில்கூட உன் அப்பா ஒரு கழுகைச் சாக்கில் கட்டி ஒளித்து வைத்திருந்தார். அவரிடம் போய் இப்படிக் கேட்டால்? "கொதிகலனைப் படுக்க வைக்கிறதா? அது என்ன சீக்காளியா?" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்.

ஆனால் உன் சித்தப்பா தெல்ஃபீனோவுக்கு அன்று தூக்கம் போய்விட்டது. உனக்கு அவர் சுபாவம் தெரியும், வாய் பேசாது, கை பேசும். கிறிஸ்துமஸுக்குள் தனியாக ஒரு மிஷின் செய்துவிட்டார், தாழ்வாக, நீளமாக, ஒரு பெட்டியைக் கிடத்தின மாதிரி. முன்னால் கைப்பிடிகள், கீழே இழுத்து விட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தானாகவே வெந்நீரை அழுத்தித் தள்ளுகிறது, காபி கெட்டியாக இறங்குகிறது, மேலே பொன் நிறத்தில் நுரை. அதுவரை கொதிகலன் செய்வது உன் அப்பா, குழாயும் கைப்பிடியும் செய்வது சித்தப்பா, இதுதான் முறை. இந்த மிஷினுக்கு மட்டும் அவர் கொதிகலனை வெளியே கொடுத்துச் செய்துகொண்டுவந்தார். உன் அப்பாவுக்குக் கோபம் மிஷின் மேலே இல்லை, அந்தக் கொதிகலன் மேலேதான். தன்னை விட்டு வெளியே போய்விட்டானே என்று. ஆனால் அதைச் சொல்லமாட்டார், கழுகு இல்லை, கோபுரம் இல்லை, எங்க அப்பா பேரைக் கெடுத்துவிட்டான் என்று மட்டும் கத்தினார்.

புத்தாண்டு கழிந்ததும் பட்டறையின் நடுவே பலகையடித்தார்கள். கடைசல் இயந்திரம் ஒரு பக்கம், தகட்டை அழுத்தி வளைக்கும் இயந்திரம் மறு பக்கம், பாவம் வேலையாட்கள் பலகைக்கு மேலே சாமானைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் அதைவிட மோசம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, பாலாடைக்கட்டியைத் தரச் சொல்லு அவன்கிட்ட என்பார் இவர், தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க அண்ணி என்பார் அவர். நான் நடுவில் தபால்காரி. ஒரு நாள் பொறுக்க முடியாமல், இனிமேல் சேதிக்கு ஒரு கரண்டி ரிசோட்டோ சோறு குறைப்பேன் என்று சொன்னேன், அன்றைக்கு மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இப்போது சிரிப்புதான். அப்போது பயமாகத்தான் இருந்தது, ஏனென்றால் தனித்தனியாக அவர்கள் இருவராலும் ஒரு முழு மிஷின் செய்ய முடியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

ஏப்ரலில் பொருட்காட்சி வந்தது. இடம் போன வருஷமே ஒன்றாக வாங்கியிருந்ததால் வேறு வழியில்லாமல் ஒரே கூடாரத்தில் இரண்டு மிஷின், நடுவில் ஒரு திரை. சித்தப்பாவுக்கு அந்நியரிடம் பேச வராது, கைப்பிடியைப் பிடித்து நீங்க காபி போட்டுக் குடுங்க அண்ணி என்று கெஞ்சினார். போய் நின்றேன். உன் அப்பா திரையை விலக்கிப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். நானும் இறங்கிப் போகவில்லை. கோபுர மிஷினைப் பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், பிறகு இந்தப் பக்கம் வந்து காபி குடித்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். யார் எந்த ஊர், யாருக்கு எத்தனை பிள்ளை, எல்லாம் கேட்டுவிட்டேன். அர்மீதாவும் வந்தாள், நுரையைப் பார்த்து, கோப்பையை சோப்பு போகக் கழுவலையா என்றாள். குடித்துப் பார் என்றேன். குடித்தாள், இன்னொன்று கேட்டாள், பிறகு அங்கேயே நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அது காபியோட பாலாடை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள், கூட்டம் நெரிகிற நேரத்தில், மிஷினுக்குள்ளிருந்து மெல்லிதாக ஒரு சீறல். எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்கும் கேட்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் உன் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. திரையைக் கிழிக்காத குறையாக உள்ளே வந்தார், என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினார், அடுப்பை அணைத்தார், நீராவிக் குழாயைத் திறந்துவிட்டார். கூட்டம் வெள்ளைப் புகைக்குள் இருமிக்கொண்டு பின்வாங்கியது. பிறகு குனிந்து, வெளியே செய்த அந்தக் கொதிகலனில் தகட்டைப் பற்றவைத்த இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்ததைக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என் முகம் என்ன ஆகியிருக்குமோ, நீ அதையெல்லாம் இப்போது நினைக்காதே.

சித்தப்பா வெளுத்துப்போய் நின்றார். "தப்புதான் அண்ணே. உங்ககிட்டக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா செஞ்சு குடுத்திருப்பேன்னு நினைக்கிறியா?" என்றார் உன் அப்பா.

சித்தப்பா கொஞ்சம் யோசித்து, "மாட்டீங்க" என்றார்.

"மாட்டேன்தான்" என்றார் இவர். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு, நெரினா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, நீராவி என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா, தன் கோபுர மிஷினிடம் போய், கழுகைக் கழற்றிக் கீழே வைத்து, மேல்கூட்டை அகற்றி, உள்ளேயிருந்த கொதிகலனைத் தானே உருவி எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அதைத் தம்பி மிஷினில் பொருத்தப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பலகைச் சுவரின் இடைவெளியில் நுழையவில்லை. வேலையாட்கள் இரண்டு சகோதரர்கள் முகத்தையும் பார்த்தார்கள். அப்பா தலையை ஆட்டியதுதான் தாமதம், அவ்வளவு சந்தோஷமாகப் பலகை பெயர்த்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் மத்தியானம் அந்தக் கொதிகலன் படுத்துக்கொண்டு வேலை செய்தது. நான்தான் காபி போட்டேன், முதல் கோப்பையை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி குடித்தார்கள்.

பொருட்காட்சியில் நிறையப் பேர் கேட்டார்கள், டூரினிலிருந்து ஒருவர், திரியெஸ்தேவிலிருந்து இருவர், அர்மீதாவுக்குத்தான் முதல் மிஷின். ஆனால் வேலை வந்தால் சண்டையும் வருமே. அதனால் வக்கீலிடம் போய்ப் புதிதாகப் பங்கு எழுதினார்கள், அண்ணனும் தம்பியும் ஒத்துப்போகாத விஷயத்தில் மூன்றாவது பங்குதாரர் சொல்வதே முடிவு என்று. மூன்றாவது பங்குதாரர் உன் அம்மா. சிரிக்காதே. என் முதல் வழக்கு நிறம். உன் அப்பாவுக்குச் செம்பு, சித்தப்பாவுக்கு வெள்ளிப் பளபளப்பு, ஒரு வாரம் வாதாடினார்கள், நான் சிவப்பு என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். சிவப்புதான் அடிக்கிறார்கள்.

இரண்டாவது வழக்கு உன்னைப் பற்றியது. சில்வானோ அங்கே திறக்கப்போகும் காபிக்கடைக்கு, நாட்டை விட்டு வெளியே போகும் நம் முதல் மிஷினை அனுப்புவதென்று மூவரும் முடிவு செய்தோம், அங்கே காபியை சூப் மாதிரிக் கொதிக்க வைக்கிறார்கள் என்று நீ எழுதியதிலிருந்து உன் அப்பாவுக்கு நிம்மதி இல்லை. ஆனால் அதைப் பூட்டிக் கொடுக்க யாராவது கூடவே போகவேண்டும். கொதிகலன் என்னுடையது, நான்தான் போவேன் என்றார் உன் அப்பா. கைப்பிடி என்னுடையது, நான்தான் போகணும் அண்ணி என்றார் சித்தப்பா, கப்பலைக் கண்டாலே குமட்டுகிற மனுஷன். இரவுச் சாப்பாடு முழுக்க இதே பேச்சு. இருவரும் கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள்.

ஜெனோவாவிலிருந்து கப்பல் ஜூலை கடைசியில் புறப்படுகிறது. உனக்கு நாள் நெருங்கும் முன்னே மிஷினோடு நானே வந்து சேர்ந்துவிடுவேன். எந்தத் திருகு எங்கே என்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு எனக்குச் சொல்லித் தருகிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார், தினமும் தீர்ப்பு சொல்லியே எனக்கு நேரம் போகிறது.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. மாதா உன் பிரசவத்தைச் சுலபமாக்குவாள், பயப்படாதே. சில்வானோவிடம் கடை மேடையைக் கெட்டியாகக் கட்டச் சொல், தாழ்வாகக் கட்டச் சொல், உன் உயரத்துக்கு அளந்து, அவன் உயரத்துக்கு அல்ல. எனக்கு ஒரு கட்டில் போட்டு வை.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
எர்மினியா பல்தரினி
(மூன்றாவது பங்குதாரர்)