நெருங்கியவருக்குத் தெரிவி

மர்பி டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு, வேனில் எழுதுவது.

இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்கவே பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் பால்வாடியின் ரெஜினா டீச்சர் பெயருக்கு அனுப்புகிறேன். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் உன்னிடம் கொடுப்பதாகச் சொன்னார். அங்கேயே படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஆடியில் கூழ் ஊற்றும்போது வந்திருந்தாயே, அப்போது உன் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டேன். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு, வியர்வை, தோலின் சூடு எல்லாவற்றையும் அளந்து, போட்டிருப்பவர் மனம் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். எங்கள் ஆபீஸில் செய்வது. அதில் வரும் தமிழ்ச் சொற்களை எழுதியது நான்தான். அமைதி, சலிப்பு, கோபம், பயம். உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். 'எனக்கு வர்ற கோவம் எனக்குத் தெரியாதாடி, அதுக்கு ஒரு வாட்சு வேணுமா' என்று நீ சிரித்தாய். சோதனைக்கு ஆள் வேண்டும் என்று நான் கெஞ்சியதால் போட்டுக்கொண்டாய்.

பட்டை வேலை செய்ய ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும். உன்னிடம் இருப்பது பட்டன் போன். அதனால் உன்னோடு வந்திருந்த பாலு மாமா போனில் இணைத்தேன். அப்போது 'நெருங்கியவர் நம்பர்' என்று ஓர் இடம் வந்தது. நம் வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் புருஷனின் நம்பரைத்தானே கொடுப்போம். கை தானாக மாமா நம்பரைப் போட்டுவிட்டது. ஒருவர் அடிக்கடி பயந்தால், நெருங்கியவருக்கு வாராவாரம் செய்தி போக வேண்டும், அவர் ஆறுதல் சொல்வார் என்று ஆபீஸில் முடிவு செய்திருந்தோம். பயமே அந்த நெருங்கியவரால்தான் என்றால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மீட்டிங்கில் வாய் திறந்து பழக்கமில்லை. பழக்கம் இருந்திருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

அக்கா, உன் பட்டை காட்டியதை நான் ஆபீஸில் பார்த்தேன். பால்வாடியில் இருக்கும் நேரமெல்லாம் அமைதி. சாயங்காலம் மாமா கடையை மூடிவிட்டு வரும் நேரத்தில் பயம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, நாள் முழுக்கப் பயம். பட்டை பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா எவ்வளவு தன்மையாகப் பேசுகிறவர். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த வாரச் செய்தி அவருக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லை. 'என்னா வேனிலு, உங்கக்கா என்னப் பாத்துப் பயப்படறாளாமே, நான் என்னா புலியா கரடியா' என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, 'இத உங்க ஆபீஸ்ல வேற யாரெல்லாம் பாப்பாங்க' என்று கேட்டார். மெஷின் சில சமயம் தப்பாகக் காட்டும் மாமா என்று உளறிவிட்டு வைத்தேன்.

அன்று மதியத்திலிருந்து உன் பட்டை அமைதி என்று மட்டுமே காட்டுகிறது. ராவும் பகலும் அமைதி. 'இப்ப பாரு, உங்கக்கா எவ்ளோ நிம்மதியா இருக்கா' என்று மாமா செய்தியும் அனுப்பினார். கூட வேலை செய்யும் பார்கவியிடம் காட்டினேன். பழைய துடிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இது உங்க அக்கா கை அல்ல கணே' என்று அவளுடைய கன்னடத் தமிழில் சொன்னாள். அசைவைப் பார்த்தால், காலையில் வண்டி ஓட்டிவிட்டு, நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பவரின் கை அது. அவரே போட்டுக்கொண்டிருக்கிறார், அக்கா. உன் மனசுக்குப் பதிலாக அவர் மனசு எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு சலனமும் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

உன் போனுக்கு அழைத்தால் அவர்தான் எடுக்கிறார். குளிக்கிறாய் என்கிறார், தூங்குகிறாய் என்கிறார், கோயிலுக்குப் போயிருக்கிறாய் என்கிறார். அதனால்தான் ரெஜினா டீச்சரைத் தேடிப் பிடித்தேன். 'முழங்கைக்குக் கீழ வர்ற மாதிரி ஜாக்கெட் போட்டுட்டு வர்றாம்மா. கேட்டா அடுப்புல சுட்டுக்கிட்டேன்றா. உங்ககிட்ட பேசுன்னு என் போன குடுத்தா வாங்க மாட்டேன்றா' என்றார். நான் செய்த வேலைக்கு நீ அடி வாங்கியிருக்கிறாய்.

அம்மாவிடம் சொன்னேன். 'புருஷன் வீடுன்னா முன்ன பின்னதான் இருக்கும், நீ ஏன்டி அதுல போயி மெஷினு வெக்கற' என்று முதலில் என்னைத்தான் திட்டினாள். பிறகு டீச்சர் சொன்னதையும் சொன்னேன். மறுநாள், தான் வேலை செய்யும் அபார்ட்மெண்டில் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, 'அவ பொட்டி வெக்க எடம் பண்ணு' என்றாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். காலையில் மாமா உன்னை இறக்கிவிட்டுக் கடைக்குப் போன பிறகு, பால்வாடிக்குப் பின்பக்கம் ஆட்டோவோடு நிற்போம். டீச்சருக்குத் தெரியும். அதுவரை பட்டையைப் பற்றி மாமாவிடம் எதுவும் கேட்காதே. பேச்சு வந்தால் என் தங்கச்சிக்கு அறிவில்லை என்று என்னைத் திட்டு. அவருக்கும் அது பிடிக்கும்.

துணிமணி எடுக்க வீட்டுக்குப் போகாதே. நகை வேண்டாம், ஆதார் கார்டு வேண்டாம், எதுவும் வேண்டாம். ஊரில் யார் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் யோசித்து நின்றுவிடாதே. வழியில் நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். நீ ஆட்டோவில் ஏறினால் போதும். ஏறிவிடு அக்கா. அதுவரை நம் முத்துமாரி உன் தலைமாட்டை விட்டு நகராமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
இளவேனில்