பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மரகதம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

பக்கத்து வீட்டுச் செல்வி தன் மரகத மோதிரத்தோடு வந்தாள். துபாயிலிருந்து புருஷன் வாங்கிவந்தது. அழுக்குப் போகட்டும் என்று மற்ற நகைகளோடு சேர்த்து அதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்கவிட்டிருக்கிறாள். கல் வெளுத்து, உள்ளே கோடு கோடாக விரிசல்.

"அக்கா, கண்ணாடியக் குடுத்து என்னய ஏமாத்திப்புட்டாரு. நீங்கதான் கல்லப் பத்திப் படிச்சவங்க, பாருங்க."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அசல் மரகதம்தான். விரிசல் கல்லோடு பிறந்தது. அதை மறைக்க ஏற்றியிருந்த எண்ணெய் சூட்டில் வெளியேறிவிட்டது, மறுபடி ஏற்றினால் பச்சை திரும்பும் என்றேன்.

முகம் தெளிந்தது. "இனிமே அவருகிட்டப் பேசவே கூடாதுன்னு இருந்தேன்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "எண்ணெய் ஏத்துன கல்லுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா அக்கா?"

"தெரிஞ்சிருக்காது" என்று உடனே சொல்லிவிட்டேன். எந்தக் கல்லைப் பற்றியும் நான் பார்க்காமல் சொன்னதில்லை. அவள் புருஷனை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.