சண்டையின் நடுவே அணையும் கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 3, திண்டிவனம்

இன்றும் சண்டை உச்சத்தில் இருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தது. எச்சரிக்கை கிடையாது. பட்டென்று இருட்டு. மஸ்கட்டிலிருந்து என் கணவர் ஹம்தான் உடனே போன் செய்தார். "எங்க போய்ட்ட? என்னைத் தனியா வுட்டுட்டு?" கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் இப்படி உருகிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் நாங்கள் ஆன்லைனில் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்காக.

மகனும் மருமகளும் தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்று மாமிக்குப் பெருமை. உண்மைதான். "லெஃப்ட்ல பாரு", "குனி", "குண்டு இருக்கா?" — இதெல்லாம் பேச்சில்லையா?

ஆகஸ்ட் 5

நாள் முழுக்க டைப்பிங் வேலை செய்தால் ஓடுகிறது. படம் போட்டாலும் ஓடுகிறது. விளையாட்டைத் திறந்தால் பத்து நிமிடம்தான்.

ஹம்தான் சந்தேகப்படுவது: கரண்ட், வைரஸ், சூடு, நான். "கார்டு மேல மட்டும் பழி போடாத. பாத்துப் பாத்து வாங்கி அனுப்புனது." கிராபிக்ஸ் கார்டைச் சொல்கிறார். ஜூலையில் அது வந்த பிறகுதான் இந்த வியாதியே.

ஆகஸ்ட் 6

மாமி கம்ப்யூட்டருக்கு ஓதி ஊதிவிட்டார். பிறகு சொன்னார்: "நாள் பூரா சுட்டுக்கினே இருந்தா அதுக்கும் பேஜாரா இருக்காதா?"

ஆகஸ்ட் 8

கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ். கடைக்காரர் தென்னரசு தூசி தட்டி, ஒரு மணி நேரம் பாட்டு ஓடவிட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். சூப்பரா ஓடுது."

"கேம் போட்டுப் பாருங்க."

"அதெல்லாம் வீட்ல போய்ப் பாத்துக்குங்க."

வீட்டில் போய்ப் பார்த்தேன். முதல் குண்டிலேயே அணைந்தது.

ஆகஸ்ட் 10

ஹம்தான் போனில் இருந்துகொண்டே கம்ப்யூட்டரின் சூட்டைப் பார்க்கச் சொன்னார். அறுபத்துநான்கு டிகிரி.

"அவ்ளோதானா? அப்ப சூடு காரணமில்ல."

சும்மா கேட்டேன்: "உங்க ஊர்ல வெயில் எவ்ளோ காட்டுது?"

"நாப்பத்தேழு."

"ஆபீஸ்ல ஏசி இருக்குல்ல?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"மூணு மாசமா ஆபீஸ் இல்ல. சைட்டுலதான் நிக்கிறேன்."

மூன்று மாதம். தினமும் சேர்ந்துதான் விளையாடியிருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டேனா?

ஆகஸ்ட் 12

கண்டுபிடித்துவிட்டேன். பரணிலிருந்த கார்டு பெட்டியில் போட்டிருக்கிறது: 650 வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும். எங்களிடம் இருப்பது 450. சும்மா இருக்கும்போது போதும்; விளையாட ஆரம்பித்தால் கார்டு இழுக்கிற இழுப்பை அது தாங்குவதில்லை.

அவரிடம், "இன்னும் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? "இன்னிக்கு இன்னா செக் பண்ண?" என்று ஆரம்பித்து, ரூமில் யார் குறட்டை, யார் சமையல் என்று மனுஷன் இப்போது முக்கால் மணி நேரம் பேசுகிறார். பழுது சரியானால் பேச்சு நின்றுவிடும்.

வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

போன மாதம் சைட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். "நின்னுக்கினேதான் இருந்தேன். கண்ணு இருட்டிச்சி. முழிச்சா ஆஸ்பத்திரி." அன்று சாயந்திரமும் என்னோடு விளையாட வந்தாராம். "அப்பதான உன் குரலு கேக்குது."

இன்னா மனுசன் இவரு. அன்னிக்கு ஒழுங்கா ஆடலன்னு நான் திட்டிக்கூட இருப்பேன். யாருக்குத் தெரியும் —

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கார்டுதான் காரணம், ரெண்டு நாளா தெரியும், நீங்க கெளம்பி வந்துடுங்க.

"வந்து இன்னா பண்றது?"

மாமி போனைப் பிடுங்கினார். "மொதல்ல வாடா. மத்தத இங்க உக்காந்து பேசலாம்."

ஆகஸ்ட் 20

தென்னரசு புது பவர் சப்ளை மாட்டினார். "நான் அன்னிக்கே இதத்தான் மேடம் நெனச்சேன்."

ஆகஸ்ட் 22

அக்டோபரில் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாமென்று ஹம்தான் இன்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

கம்ப்யூட்டர் இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடியது. விளையாட்டில் நாங்கள் இருவரும் ஒரு சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். பாண்டிச்சேரியில் வேலை தேடலாமா, இங்கேயே ஏதாவது பார்க்கலாமா என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து இருவரையும் சுட்டுவிட்டுப் போனார்கள்.

"செத்துட்டோமா?" என்றார்.

"ஆமா. நீங்க சொல்லுங்க" என்றேன்.