ஸ்டியரிங் ஆடுகிறது என்கிறார் அத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம், அத்தான் நலம், வண்டி நலம். இந்த மூன்றில் ஒன்று பொய். எது பொய் என்று கண்டுபிடிக்க நானும் ஒரு மெக்கானிக்கும் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன்.

"வண்டியை வித்துடலாம், நான் இனிமே ஓட்டப்போறதில்ல" என்று அத்தான் போனில் சொன்னதும் நீ பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாய். நான், ஒன்றுமில்லை, ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுகிறது என்றேன். நீ நம்பவில்லை என்பது உன் "சரி"யிலேயே தெரிந்தது. ஆனால் உன் குரல் போனுக்குள் அடங்குகிற குரல் இல்லை, அத்தானோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் எழுதுகிறேன். நம் பக்கம் வரும் பால் வண்டிக்காரர் இதை உன் கையில் கொடுப்பார். படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

நாங்கள் ஏற்றி வந்தது கழிப்பறைப் பீங்கான்கள், புதிதாகக் கட்டிய ஓர் அலுவலகத்துக்கு. அலுவலகத்தை ஏற்கெனவே திறந்துவைத்துவிட்டார்களாம், ஊழியர்களும் வரத் தொடங்கிவிட்டார்களாம். அதனால் கொஞ்சம் அவசரம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். அவசரம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாலையோரத்தில் முன்பக்க இடது டயர் பஞ்சர் ஆனது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஜாக்கியால் வண்டியைத் தூக்கியதும், சக்கரத்தைக் கழற்றும் முன், அச்சுக்கு அடியில் அந்தப் பெரிய மரக்கட்டையைக் கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்கத்தான், தாங்குவது கட்டை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அத்தான்தான். கட்டை கொடுக்காமல் சக்கரத்தைக் கழற்றிய யாரோ ஒரு டிரைவரை, முன்பின் தெரியாத ஆளை, வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்த் திட்டிவிட்டு வந்தவர் அவர்.

அன்று அவர் கட்டை கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்பாய். கட்டைக்கு உறை போட்டிருந்தது. மத்தியானம் அதில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று பஞ்சு வைத்து, ஓரமெல்லாம் பூ வேலை செய்து நீ தைத்துக் கொடுத்தாயே, அந்த உறை. கழற்றினால் திரும்பப் போடுவது கஷ்டம், கழற்றாவிட்டால் சேறாகும். "ரெண்டு நிமிஷ வேலை, இதுக்குப் போயா" என்றார். நானும் தலையாட்டினேன். இதில் உன் தப்பு எதுவுமில்லை. தையல் நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சக்கரத்தைக் கழற்றினோம். ஜாக்கியின் அடி ஈர மண்ணில் வழுக்கியது. வண்டி இறங்கிவிட்டது.

பெரிய சத்தம் கேட்டிருக்கும் என்று நினைப்பாய். இல்லை. பெரிய மாடு ஒன்று அலுத்துப்போய்ப் படுக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு. அப்புறம் எதுவுமே இல்லை. அந்த 'எதுவுமே இல்லை'தான் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். முதலில் ஸ்டியரிங் கதையை முடித்துவிடுகிறேன்.

பின்னால் வந்த லாரிக்காரர்கள் இன்னொரு ஜாக்கியும் பலகைகளும் கொடுத்து உதவினார்கள். சக்கரத்தை மாட்டிக் கிளம்பினோம். மெதுவாகப் போகும்வரை ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. சும்மா இல்லை, சாமி வந்த மாதிரி ஆடியது. அத்தான் ஓரம் கட்டினார். அடுத்த ஊர்ப் பட்டறைவரை நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனோம். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனதோடு நிற்காமல் ஆலோசனையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊரில் எத்தனை டாக்டர்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பஞ்சர் கடைக்காரர், டயரில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். எடை மேடைக்காரர், சரக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். டீக்கடைக்காரர் டம்ளர் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் "பேரிங் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். வண்டி அப்போது அவர் கடைக்குப் பின்பக்கம் நின்றிருந்தது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் மட்டும், வண்டியில் குறை இல்லை, சாலைதான் ஆடுகிறது, தான் பதவியில் இருந்தபோது சாலைகள் ஆடியதில்லை என்றார்.

பட்டறை மெக்கானிக் பருத்த மனிதர். பேச்சு கம்மி, வெற்றிலை அதிகம். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எதையும் நம்பாமல் வேலையைத் தொடங்கினார். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி கொடுத்தார். (அத்தான் குனிந்து குனிந்து அந்தத் தாங்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.) சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பேரிங் சரி. சுற்றிவிட்டு ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தார். கோடு நெளியாமல் விழுந்தது. டயர் சரி. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒரு நூலை எடுத்து, இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை முன்பக்கம் ஒரு தரமும் பின்பக்கம் ஒரு தரமும் அளந்தார். நூல் பின்பக்கத்தில் தொங்கியது, முன்பக்கத்தில் எட்டவில்லை. "ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்குது" என்றார். அதாவது நம் வண்டிக்கு மாறுகண். ஆளுக்கு ஒரு பக்கம் போகப் பார்க்கும் இரண்டு சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் நிம்மதியாக இருக்குமா?

உடனே அடியில் போய்ப் பார்த்தார். அச்சுக்குப் பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஒரு இரும்புக் கம்பி போகும், டை ராடு என்பார்கள். அது வில் மாதிரி வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் ஜாக்கியின் தலை பதிந்த வட்டம். அதை விரலால் தடவிக்கொண்டே அவர் சொன்னது முழுவதும் எனக்கு மனப்பாடம். "வண்டி விழறப்ப ஜாக்கி சாஞ்சு வந்து இந்த ராடுக்கு முட்டு குடுத்திருக்கு. அதான் முழுசா இறங்கல. ராடு வளஞ்சுது, ஆனா ஒடயல. நல்ல காலம்யா, அடியில யாரும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்தேன். அத்தான் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

அடியில் ஒருவர் இருந்தார், அக்கா.

சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு நட்டு உருண்டு உள்ளே போய்விட்டது. அதை எடுக்கப் படுத்தேன். தலையும் நெஞ்சும் உள்ளே, கால் வெளியே. மாற்று டயரில் காற்று நிறைய இருந்ததால் வண்டி இன்னும் கொஞ்சம் உயர வேண்டும் என்று அத்தான் ஜாக்கிக் கம்பியை அழுத்தினார். நான் பின்னால் நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறார், "தடியா, அந்தச் சக்கரத்தை உருட்டிட்டு வா" என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னது எனக்கு அடியில் கேட்டது. இதோ இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரும்பு வந்து என் நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து, அதற்கு மேல் எதுவும் செய்யாமல் அப்படியே நின்றது. மூச்சை வெளியே விட இடம் இருந்தது. உள்ளே இழுக்க இடம் இல்லை.

அத்தான் என் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். அக்கா வீட்டுக்காரர் மச்சினன் காலைப் பிடிப்பது நம் குடும்பத்தில் இதுதான் முதல் தடவை. சட்டைப் பொத்தான்கள் அங்கேயே தங்கிவிட்டன. எனக்கு நெஞ்சில் ஒரு சிராய்ப்பு, முதுகில் கொஞ்சம் சேறு. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, விலா எலும்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாகச் சொன்னார். பீங்கான்களிலும் ஒன்றுகூட உடையவில்லை. ஒப்பந்தக்காரர் போனில் முதலில் கேட்டது அதைத்தான்.

இனி உன் வீட்டுக்காரர் விஷயம். மெக்கானிக் புது ராடு மாட்டி, நூல் பிடித்துச் சரிசெய்தார். தானே ஓட்டிப் பார்த்தார். ஆடவில்லை. நான் நெடுஞ்சாலைவரை போய்த் திரும்பினேன். தொட்டில் மாதிரி, சே, தொட்டிலும் ஆடும். தரையில் போட்ட பாய் மாதிரி இருந்தது. அத்தான் உட்கார்ந்தார். பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டு, ஆடுகிறது என்றார். மெக்கானிக் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். முன் டயர்களைப் பின்னால் மாற்றினார், பின்னால் இருந்ததை முன்னால் போட்டார். அத்தான் உட்கார்ந்தார். ஆடுகிறது என்றார்.

கடைசியில் மெக்கானிக் தானே ஓட்டினார், அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து. நான் நடுவில். ஸ்டியரிங் கல் மாதிரி நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, "நீங்களும் ஒரு கை வைங்கண்ணே" என்றார். அத்தான் என்னைத் தாண்டிக் கையை நீட்டி வைத்தார். ஆடியது. எடுத்தார். நின்றது. நாங்கள் மூன்று பேரும் சாலையையே பார்த்துக்கொண்டு திரும்பி வந்தோம். பட்டறையில் இறங்கியதும் மெக்கானிக் என்னைத் தனியே கூப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கான ஸ்பேனர் என்கிட்ட இல்ல தம்பி" என்றார்.

அத்தான் இன்னும் ஸ்டியரிங்தான் என்கிறார். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொல்கிறார். அந்த வண்டியைத் தவிர அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, உனக்கே தெரியும். அதை விற்றுவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்தால், உட்கார்ந்தபடியே போய்விடுவார்.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு வண்டி விழுந்ததைவிட இதுதான் பயமாக இருக்கிறது. கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைத் தடியா, சோம்பேறி, உங்க அக்கா கொடுத்த சீதனம் என்றுதான் கூப்பிடுவார். இப்போது "தம்பி" என்கிறார். "வாங்க, சாப்பிடுங்க" என்கிறார். தன் தட்டில் இருக்கும் முட்டையை என் தட்டில் வைக்கிறார். நேற்று செருப்பைத் தேடிக் குனிந்தேன், ஓடிவந்து, "நீங்க குனியாதீங்க, நான் எடுக்கறேன்" என்றார். அக்கா, அவர் என்னை 'நீங்க' என்கிறார். நான் செத்தே போயிருந்தால்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

அவர் எதற்காகவோ காத்திருக்கிறார். எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. அவரை இதுவரை யாரும் திட்டவில்லை. லாரிக்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். டாக்டர் தோளில் தட்டினார். மெக்கானிக் வெற்றிலை கொடுத்தார். நான் பரவாயில்லை அத்தான், பரவாயில்லை அத்தான் என்று சொல்லிச் சொல்லி அவரைப் பாதியாக்கிவிட்டேன். நான் திட்ட முடியாது. அவர் அக்கா புருஷன், எனக்கு அந்த உரிமை இல்லை. என் வாயில் வரவும் வராது. அந்த உரிமை இந்த உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் இருக்கிறது, அந்த ஆளுக்கு இதுவரை விஷயமே தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. அதனால் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு அழு. ஆனால் அழுது முடித்துவிட்டு அவருக்குப் போன் போடு. ஆறுதல் சொல்லாதே. போகட்டும் விடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதே, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கை இப்படி ஆகியிருக்கிறது. கட்டை வைக்கச் சொல்லி ஊருக்கே பாடம் எடுத்தீங்களே, என் தம்பி அடியில கிடக்கானான்னு பார்க்கத் தெரியலையா என்று ஆரம்பி. மீதி உனக்கே வரும். வழக்கம்போல மூச்சு விடாமல் திட்டு. நான் வண்டியை விட்டு இறங்கித் தள்ளி நின்றுகொள்கிறேன். உன் குரல் எனக்கு அங்கேயும் கேட்கும், பரவாயில்லை.

எல்லாம் திட்டி முடித்த பிறகு, போனை வைப்பதற்கு முன்னால், எப்போதும் கேட்பதுபோல ஒன்றே ஒன்று கேள். "ரெண்டு பேரும் எப்போ வர்றீங்க?" என்று கேள். 'ரெண்டு பேரும்' என்பதை விட்டுவிடாதே.

குழந்தைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
இன்னும் உன் தம்பியாகவே இருக்கும்
தடியன்