நீலம் கரைத்த நுரைப்பசை

முந்தாநாள் அந்தியில் ராணி சமையல்கட்டு மேசையில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மறுநாள் கைவேலையாம். வெள்ளைப் பசை ஒரு போத்தல், அவள் புருஷன் முகம் வழிக்கிற நுரையில் அரை டின், அதற்கு மேல் ஏதோ மருந்துத் தண்ணீரில் சில சொட்டு. கிண்டக் கிண்ட அது பொங்கிப் பொதபொதவென்று வந்தது. "இதுக்குப் பேரு ஸ்லைம், அம்மா. புள்ளைங்களுக்கு இதுன்னா உசுரு" என்றாள். நுரை வாசம் மூக்கில் ஏறியதும் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாசத்துக்கு எனக்கு உன் ஞாபகம்தான் வரும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. நீ இருந்தபோது நமக்குக் கடிதம் எதற்கு? ஒரே லயத்து வரிசை, அடுத்தடுத்த காம்பரா வீடு. அகப்பைக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தப் பக்கமிருந்து "என்னா புள்ள, வெங்காயமா?" என்று கேட்பாய். பாதி நாள் வெங்காயம்தான். மகளோடு ஹட்டனுக்கு வந்த பிறகு என் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். அவர் சுவரில் தட்டி நான் என்ன கேட்பது? பேனா பிடித்தும் நாளாகிவிட்டது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எழுத நினைத்தது ராணியின் கையைப் பற்றி. அவளுக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும். அவள் அப்பாவும் போய்விட்டார். முழுக்கத் தெரிந்தவர்கள் நீயும் நானும், இப்போது நான் மட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. விடிகாலை. பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அங்கே போய் வரிசையில் நின்றால்தான் அன்றைக்கு எந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பது என்று தெரியும், பிந்தினால் வேலை இல்லை. நான் ரொட்டியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கம்பளியைத் தேடித் திரும்பினேன். அவள் தடுக்கி விழுந்து, சூடாகக் கிடந்த ரொட்டித் தட்டில் வலது கையை ஊன்றிவிட்டாள். உள்ளங்கை முழுக்க வெந்துவிட்டது. அந்த அலறலைக் கேட்டு அன்றைக்கு நீ சுவரில் தட்டவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

புண் ஆறியது, கை திறக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயாவை நாம் டாக்டர் ஐயா என்றுதானே கூப்பிடுவோம். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "தோல் உள்ளுக்கு இழுக்குது. தெனமும் வெரல விரிச்சி விரிச்சி விடணும். இப்படியே இறுகிப்போனா கண்டிக்குக் கொண்டுபோயி வெட்டித்தான் விரிக்கணும். அப்பவும் சரியா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

சொன்னது சரிதான். ஆனால் யார் விரிப்பது? கையைத் தொடப் போனாலே அக்குளுக்குள் சொருகிக்கொள்வாள். அவள் அப்பா பிடித்துக்கொள்ள நான் விரித்தேன். தொண்டை கிழியக் கத்தினாள். நாலைந்து நாள் போனதும் என்னைக் கண்டாலே சுவரோரம் ஒண்டிக்கொண்டாள், நான் பெற்ற பிள்ளை. கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும். படித்து மேலே வருகிறவளுக்கு எழுதுகிற கையாவது வேண்டும். இவளுக்கு இரண்டு வழியும் அடைபட்டுப் போகுமோ என்பதே எந்நேரமும் என் நினைப்பு. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது உன்னிடம் அழுதேன். நீ ஆறுதல் சொல்கிற ஆளா? "அழுது முடிச்சிட்டியா? கொடத்த எடு, தண்ணி வழியுது" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அப்போது நீ பிள்ளைக்காம்பராவில் ஆயா. நாங்கள் மலைக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் உன்னிடம்தான். அதற்கு முன் துரை பங்களாவில் துணி துவைத்தவள் நீ. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடுவது, நீலம் போடுவது, எல்லாம் உனக்கு அங்கே பழக்கம். "நான் போட்ட கஞ்சிக்குத் தொரையோட காலர் நேரா நிக்கும், ராத்திரியானா தொரதான் நேரா நிக்க மாட்டாரு" என்று நீ சொல்லிச் சிரிக்காத ஆள் லயத்தில் இல்லை.

அந்தக் கஞ்சியைத்தான் ராணிக்கு எடுத்தாய். மாவு வாங்கிப் பசை காய்ச்சினால் சனங்கள் சும்மா விடுமா? திங்கிற சாமானைப் பாழாக்குகிறாள் என்று உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். லயத்துப் பின்னால் நாம் போட்ட உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒதுக்கிய கோலிக்குண்டுக் கிழங்குகளையும் மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்டவற்றையும் பொறுக்கினாய். டின் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு அதில் துருவி, துணியில் பிழிந்து, தண்ணீரைத் தெளிய வைத்தாய். அடியில் வெள்ளையாக மாவு படிந்தது. அதைக் காய்ச்சினால் கண்ணாடி மாதிரிப் பசை. சவுக்காரத்தைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து ஈர்க்குக் கட்டால் அடி அடியென்று அடித்து, நுரை எழும்பியதும் ஆறின பசையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாய். ராணி செய்கிற ஸ்லைம் போல அது இழுத்தால் நீளாது. ஆனால் மெத்தென்று இருக்கும், அமுக்கினால் விரலிடுக்கில் பிதுங்கி வரும். பிதுங்கப் பிதுங்க விரல் தானாக விலகும், அதுதான் உனக்கு வேண்டியிருந்தது.

முதல் தரம் துணிச் சவுக்காரம் போட்டாய். புதுத்தோல் எரிந்து அவள் அழுதாள். "அது என் புத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுநாள் உன் குளிக்கிற சோப்பைச் சீவினாய். ஐயாவிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். அவர் காய்ந்துபோகாமல் இருக்க என்று ஒரு சின்னப் போத்தலில் கிளிசரின் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

ராணிக்கு மட்டும் கொடுத்தால் மருந்து என்று நினைத்து ஓடுவாள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாய். அவளைக் கண்டுகொள்ளவே இல்லையாம். மற்றதுகள் பிசைந்து விளையாட, அவள் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மெல்ல வந்து இடது கையால் தொட்டிருக்கிறாள். பிறகு வலது கை முஷ்டியால் ஒரு குத்து. "மருந்துன்னு நெனைக்காத. வெளாடு. வலிச்சா விட்டுரு" என்பாயாம். நான் ஒருநாள் பகலில் வந்தபோது நீயே என் காதுபட அதைச் சொன்னாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஐயா சொன்னதை விட்டுவிட்டு இவள் சேறு பிசையக் கொடுக்கிறாளே என்று மனதுக்குள் திட்டினேன்.

அடுத்த தொல்லை, பிள்ளைகள் அதைத் தின்னப் பார்த்ததுகள். பார்க்கப் பால்மாவைக் குழைத்தது போல இருந்தால் பிள்ளை வாயில் வைக்காமல் என்ன செய்யும். ஒன்று நக்கிவிட்டு வாயில் நுரை தள்ள நின்றது. அப்போதுதான் நீ துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றினாய். "நீலக் கலர்ல சோறு பாத்திருக்கியா, ரொட்டி பாத்திருக்கியா? ஒண்ணும் தொடாது பாரு" என்றாய். அதற்குப் பிறகு ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

ஆனால் தாய்மாருக்கு யார் சொன்னது? அன்றைக்கு மலையெல்லாம் மூடிக் கொட்டுகிற மழை, எலும்பு வரைக்கும் குளிர். பால் கொடுக்கப் பகலில் இறங்கி வந்தோம். முன்னால் போனவள் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பத்து விரலும் நீலம். அடுத்த பிள்ளைக்கும் நீலம். முந்தின மாரியில் மேல்கணக்கு லயத்தில் ஒரு கைக்குழந்தை குளிரில் விறைத்துச் செத்தது எல்லாருக்கும் மனதில் இருந்தது. "ஐயோ, புள்ளைங்க எல்லாம் வெறச்சிப் போச்சிங்களே" என்று அவள் போட்ட சத்தத்தில் நாங்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடினோம். ஆளுக்கொரு பிள்ளையை வாரி எடுத்துக் கம்பளிக்குள் வைத்துத் தேய்க்கிறோம். ஒருத்தி அடுப்பைப் பற்ற வைக்கிறாள். பிள்ளைகள் கூச்சத்தில் கெக்கலி போட்டுச் சிரிக்கிறதுகள். நீலம் எங்கள் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டு வந்த பிறகுதான் விளங்கியது.

அதோடு போயிருக்கும். நீ சிரித்தாயே, அதுதான் வினையாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாய். உயிர் போய்த் திரும்பிய பொம்பிளைகளுக்கு முன்னால் சிரிக்கலாமா? சங்கத் தலைவர் வரைக்கும் விஷயம் போனது. பிள்ளைகளுக்கு நீலம் பூசி விளையாடுகிறாள், இவளை மாற்ற வேண்டும் என்று பேச்சு. ஐயா வந்து பார்க்கும் வரை பசைப் பேசினைத் தொடக்கூடாது என்று, தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொல்லிவிட்டார். நீ அதைச் சுவர்த் தட்டின்மேல் தூக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளின் கையைக் கழுவப் போனாய்.

மறுநாள் காலையில் ஐயா வந்தார். நான் பெரட்டுக்குப் போகவில்லை, அன்றைக்குப் பேர் விழாமல் கூலி போனாலும் போகட்டும் என்று அங்கேயே நின்றேன். தாய்மார் சிலரும் நின்றார்கள். ஐயா பேசினை இறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்து, இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, நீலத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ராணி ஆட்களின் காலுக்கிடையில் நுழைந்து வந்தாள். பேசினைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "தா" என்றாள்.

நீட்டியது வலது கை. அக்குளுக்குள்ளேயே கிடந்த கை. உள்ளங்கை மேலே பார்க்க, மூன்று விரல் நன்றாக விரிந்து, மற்ற இரண்டும் பாதியில் நின்றன. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற பயமே இல்லாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நீ உடனே கொடுக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் நீட்டு, எட்டல" என்றாய். அவள் இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

ஐயா குனிந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "கண்டிக்கு அனுப்ப வேண்டி வராது" என்று மட்டும் சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் கத்தினவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். உன்னை மாற்றுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நீ என்னைப் பார்த்து, "பேரு வுழுந்துச்சா, போச்சா?" என்றாய். பேச்சைப் பார். அன்றைய கூலி போனது, போகட்டும்.

ராணியின் சுண்டுவிரல் இன்றைக்கும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது. மற்ற விரல்கள் அவளுக்கு எழுதின, தைத்தன, கரும்பலகையில் பூப் போட்டன. போன வருஷம் உன் சாவுக்கு வந்தபோது வாய்க்கரிசி போட எங்களையும் கூப்பிட்டார்கள். அவள் அரிசியை அள்ளி உன் வாய்மேல் வலது கையை விரித்தாள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். ஒரே ஒரு தரம் திறந்து பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

முந்தாநாள் ராணி பேசினைக் கிண்டிக்கொண்டே, "என்னா கலரு போடட்டும்மா?" என்று கேட்டாள். நீலம் என்றேன். ஏன் என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், ரொட்டித் தட்டிலிருந்து நீ தரையில் உட்கார்ந்து சிரித்தது வரைக்கும். அவள் கிண்டுவதை நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "ஆயாம்மாவா செஞ்சாங்க? இவ்வளவு நாளும் ஏம்மா சொல்லல?" என்றாள். "நீ கேக்கல, அதனால சொல்லல" என்றேன். நீ இருந்தபோதே சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பாள், உனக்கு அது பிடித்திருக்காது.

பிறகு அவள் என் கையைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் குளிரிலும் ஈரத்திலும் கொழுந்து கிள்ளிய விரல்கள், இப்போது காலையில் மடங்கினபடியே கிடக்கின்றன. சட்டைப் பித்தானைக்கூட அவள்தான் போட்டுவிடுகிறாள். ஒரு உருண்டை நீலத்தை எடுத்து என் கையில் வைத்து மூடினாள்.

"அமுக்கும்மா" என்றாள். "மருந்துன்னு நெனைக்காத. வெளாடு. வலிச்சா விட்டுரு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கதை சொன்னபோது அந்தப் பேச்சைச் சொல்லவில்லை. அது ஞாபகத்துக்கே வரவில்லை. அவள் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் தினமும் சொல்வதாம் அது, யார் சொல்லிக் கேட்டது என்று அவளுக்குத் தெரியாதாம்.

அந்தியில் அமுக்கினேன், நேற்று முழுக்க அமுக்கினேன். வலித்தபோது விட்டேன். இன்றைக்குக் காலையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தேன், நின்றது. காகிதத்தின் ஓரமெல்லாம் நீலம் ஒட்டியிருக்கிறது. நீ சிரிப்பாய், சிரி.